டப்பா மாறிய படத்துக்கு ஒரு கேடயம்

கோடம்பாக்கத்தில் ஒரு கேடயத்தால் மூன்று பேர் சிக்கலில் மாட்டிக்கொண்ட கதை இது. கவனமாகக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

ஞானதிரவியம் என்ற பெயரைக் கேட்டாலே அந்தக் காலத்தில் தயாரிப்பாளர்களுக்குப் பயம். வார இதழில் அவர் எழுதும் விமர்சனத்தை வாசித்துவிட்டுத்தான் பலரும் டிக்கெட் எடுப்பார்கள். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியாகும் முன் படத்தைப் போட்டுக்காட்டும் பிரிவியூ தியேட்டரில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. பக்கத்தில் இயக்குநரின் வாடிய முகத்தைப் பார்த்தால் பேனாவுக்கு இரக்கம் வந்துவிடும் என்பார். உண்மையில் மனுஷன் அவ்வளவு இளகிய மனசுக்காரர்.

இயக்குநர் தண்டபாணியின் படத்தையும் அப்படித் தனியாகத்தான் பார்த்தார். ஒரு லாரி டிரைவரின் கதை. நடுவிலேயே அவன் விபத்தில் செத்துப்போகிறான். அடுத்த காட்சியில் உயிரோடு உட்கார்ந்து மகளுக்குத் தலைபின்னிவிடுகிறான். அவன் சாகப்போவது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஞானதிரவியம் தேம்பி அழுதுவிட்டார். காட்சிகளை முன்பின்னாக அடுக்கிய துணிச்சலை அந்த வாரம் வாயாரப் புகழ்ந்து எழுதினார்.

படம் வெளியாகி நன்றாக ஓடியது. ஒரு திரைப்படச் சங்கம் சிறந்த எடிட்டருக்குக் கேடயம் அறிவித்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஞானதிரவியத்திடமே கொடுத்தது. அந்தப் படத்தின் எடிட்டர் செங்கோடனுக்குத்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை, பிரிவியூ தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த காதர் பாய் அவர் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, அன்னைக்கு ரீல் டப்பா மாறிப்போச்சு. விபத்து வர்ற ரீலை முன்னாடியே ஓட்டிட்டேன். நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்ததைப் பார்த்ததும் சொல்ல வாய் வரலை.”

விமர்சனத்தைப் படித்து, தன் படம் அப்படி இல்லையே என்று குழம்பிய தண்டபாணி தியேட்டரில் விசாரிக்க, காதர் பாய்க்கு வேலை போயிற்று. பிறகு அதே தண்டபாணி, வெளியாகும் முன்பே விமர்சனத்தில் உள்ளபடி படத்தை மாற்றச் செங்கோடனிடம் சொல்லியிருக்கிறார். ஞானதிரவியத்தின் காதுக்கு மட்டும் விஷயம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தக் கேடயத்துல எனக்கும் பங்கு உண்டுல்லைங்களா? மேடையில என் பேரையும் சொல்லுங்க ஐயா” என்றார் காதர் பாய்.

ஞானதிரவியம் நேரே செங்கோடனிடம் போனார். செங்கோடன் எதையும் மறைக்கவில்லை.

“ரீலை அப்படியே மாத்தி ஒட்டினா படம் இடறுது சார். காட்சி காட்சியா பிரிச்சுப் போட்டு மறுபடி கோத்தேன். ஆனா வழி காட்டினது உங்க விமர்சனம். நியாயமா கேடயம் உங்களுக்குத்தான்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் ஞானதிரவியத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், ஆபரேட்டரின் கைப்பிசகைக் கலை என்று கொண்டாடியவர் என ஊரே சிரிக்கும். வாழ்நாளெல்லாம் சம்பாதித்த பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் காதர் பாய்க்கு அநியாயம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாற்றி ஓட்டியவர் ஒருவர், அதில் அழகைக் கண்டவர் ஒருவர், அதைப் படமாக ஆக்கியவர் ஒருவர். கேடயம் யாருக்கு உரியது?

செங்கோடனுக்குத்தான். காதர் பாய் செய்தது அவர் அறியாமல் நடந்தது. கண்டதை எழுதுவது ஞானதிரவியத்தின் தொழில். பாடுபட்டு முடித்த வேலையைத் தானே கலைத்து, இன்னொரு முறை பாடுபட்டவர் செங்கோடன் ஒருவரே. ஞானதிரவியமும் அவர் கையில்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, டப்பா மாறிய கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, காதர் பாயை மேடைக்கு அழைத்தார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஞானதிரவியத்துக்கு முகம் சுண்டிப்போனாலும் மைக்கை விட்டு நகரவில்லை.

“அப்ப நீங்க அழுதது?” என்று ஒருவர் கேலியாகக் கேட்டார்.

“அழுதது அழுததுதான்” என்றார் ஞானதிரவியம்.