ஒரே ஒரு விசில்

மாலை ஒன்று, கழுத்து மூன்று. வழக்கு என்னிடம் வந்தது. நான் உங்கள் தலையில் கட்டப் போகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

கல்லாங்குத்துக் காலனியில் பஸ் நிறுத்தம் உண்டு, நிற்கிற பஸ்தான் கிடையாது. காலை ஏழே முக்காலுக்கு வரும் டவுன் பஸ், காலனி ஆட்களைக் கண்டதும் வேகமெடுக்கும். மனுக் கொடுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மில்லுக்குப் போகும் அமராவதி தினமும் அதன் பின்னால் ஓடுவாள். இன்னும் ஒரு நாள் தாமதமானால் வேலை இல்லை என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

மனு போதும், நாடகம் போடுவோம் என்று கிளம்பியது காலனி. பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அதே பஸ்ஸின் கண்டக்டர் ஞானசிகாமணியை! மனிதர் வேலை முடிந்த கையோடு, காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து சேர்ந்தார். ரோஜா மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

வசனம் லூர்துசாமி. ஓடுகிறவள் அமராவதியேதான். நாற்காலிகளை அடுக்கிப் பஸ் ஆக்கியவள் தையல்காரி தெய்வானை. அவள் எல்லா நாற்காலியையும் சபைக்கு முதுகு காட்டிப் போட்டாள். லூர்துசாமிக்கு வந்ததே கோபம்!

"முகமே தெரியாம என்னம்மா நடிப்பு?"

"நமக்கு எந்த வண்டிண்ணே முகம் காட்டுச்சு?"

நாடகம் தொடங்கியது. நடிகர்கள் நாற்காலியோடு எழுந்து ஓட, பஸ் கிளம்பியது. சபை ஓரத்திலிருந்து அமராவதி பின்னால் ஓடினாள். பேச்சே இல்லை; லூர்துசாமியின் வசனமெல்லாம் அடுத்த காட்சியில். பஸ் தள்ளித் தள்ளிப் போனது. அவள் செருப்பு அறுந்தது.

விர்ர்ர்!

ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. ஊதியவர் ஞானசிகாமணி! நாடகம் என்பதையே மறந்துவிட்டார். ஓட்டுநராக நடித்தவன் சட்டென்று நிற்க, நாற்காலிகள் சரிய, கூட்டம் எழுந்து கூத்தாடியது.

"ஆறு வருசமா அந்த வண்டியிலேயே போறேன்" என்றார் அவர். "அது விட்டுட்டுப் போறத இன்னைக்குத்தான் பாத்தேன். நாளையிலேருந்து நிக்கும்மா."

மாலையைக் கழற்றினார். "இது வண்டிய நிறுத்தினவங்களுக்கு."

"என் எழுத்து" என்றார் லூர்துசாமி. "என் ஓட்டம்" என்றாள் அமராவதி. "என் நாற்காலி" என்றாள் தெய்வானை. கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது.

சொல்லுங்கள், மாலை யாருக்கு?

விடை: வசனம் வருவதற்கு முன்பே விசில் வந்துவிட்டது. அமராவதி தினமும்தான் ஓடினாள். பஸ்ஸுக்குள் இருந்தவருக்கு அது உறைக்கவில்லை. அவரைக் கீழே இறக்கி, காலனி நிறுத்தத்தில் நிற்கவைத்து, பஸ்ஸின் முதுகைப் பார்க்கவைத்தது திருப்பிப் போட்ட நாற்காலிதான். மாலை தெய்வானைக்கே! மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவள் அதைப் பஸ்ஸின் முகப்பில் கட்டினாள். ஓடுகிற பஸ்ஸில் மாலை கட்ட முடியுமா? நின்றது! அமராவதி நிதானமாக ஏறி உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் இரண்டு விசில்.