ஒரே கிளையைக் கேட்ட நாரைகள்

ஒரு பெரிய ஏரியின் நடுவே கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. மழைக்காலம் வந்தால் பறவைகள் எல்லாம் அங்கே கூடிவிடும். கூழைக்கடா ஒன்று அவற்றுக்குத் தலைவராக இருந்தது.

அந்த ஏரியில் ஒரு சட்டம் உண்டு. ஆணும் பெண்ணும்தான் ஜோடி சேர வேண்டும். ஆணும் ஆணுமோ, பெண்ணும் பெண்ணுமோ சேர்ந்தால் இறகுகளைப் பிடுங்கித் துரத்திவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வேம்பன், தாழன் என்று இரண்டு ஆண் நாரைகள் அங்கே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று உயிரையே வைத்திருந்தன. ஆனாலும் சட்டத்துக்குப் பயந்து, வேம்பன் கிழக்குக் கரையில் மீன் பிடிக்கும். தாழன் மேற்குக் கரையில் நிற்கும். நடுவே அத்தனை தண்ணீர்! எப்போதாவது கோரைப் புதருக்குப் பின்னால் ஒளிந்து சந்தித்துக்கொள்ளும்.

"எனக்கு ஒரே ஒரு கிளை போதும்" என்றது தாழன். "வெயில் நேரத்தில் உன் பக்கத்தில் நின்று சிறகை உலர்த்த வேண்டும். எல்லோரும் பார்க்கட்டும்!"

"மெதுவாகப் பேசு! யார் காதிலாவது விழுந்துவிடும்!" என்றது வேம்பன்.

விழத்தான் செய்தது. புதருக்கு மேலே ஒரு காகம் இருந்தது. அது தாழனை மட்டும்தான் அடையாளம் கண்டது. நேரே தலைவரிடம் பறந்தது.

அன்றே சபை கூடியது. "உன்னோடு இருந்தவன் யார்?" என்று கூழைக்கடா கேட்டது.

"சொல்ல மாட்டேன்" என்றது தாழன். கூட்டத்திலிருந்து வேம்பன் ஓரடி முன்னால் வந்தது. வராதே என்று தாழன் கண்ணாலேயே கெஞ்சியது. வேம்பன் நின்றுவிட்டது. தாழனின் இறகுகளைப் பிடுங்கி, தொலைவில் இருந்த உப்பளத்துக்குத் துரத்தினார்கள்.

அதற்குப் பிறகு வேம்பனுக்கு இரை இறங்கவில்லை. ஒவ்வொரு முறை மீனைக் கொத்தியதும் பழக்கத்தில் தலை தானாக மேற்குக் கரையைப் பார்க்கும். அங்கே வெறும் சேறுதான் இருக்கும்.

"ஏனப்பா இப்படி இளைத்துவிட்டாய்? ஒரு நல்ல பெண் நாரையாகப் பார்க்கட்டுமா?" என்று அக்கம்பக்கத்தார் அன்போடு கேட்பார்கள். வேம்பன் மீன் தேடுவதுபோலத் தள்ளி நடந்துவிடும்.

அடுத்த மழைக்காலத்தில் சபை கூடியபோது வேம்பன் நடுவில் வந்து நின்றது.

"தாழனோடு இருந்தவன் நான்தான்! எங்களால் யார் முட்டை உடைந்தது? யார் மீன் குறைந்தது? சொல்லுங்கள்!"

பின்வரிசையிலிருந்து இரண்டு பெண் வாத்துகள் நடந்து வந்தன. "எங்களை அக்கா தங்கை என்றுதானே நினைத்தீர்கள்? நாங்கள் ஜோடி!" என்றன. ஒரு நீர்க்காகம் வந்தது. ஒரு கொக்கு வந்தது. இன்னும் பலர் வந்தார்கள்.

கூழைக்கடா திகைத்துப்போனது. "இத்தனை பேரா! இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?"

"உங்கள் பக்கத்துக் கிளையில்தான்!" என்றது அந்த வாத்துகளில் சின்னது.

கூழைக்கடா வெட்கத்தோடு தலை குனிந்தது. சட்டம் இனி செல்லாது என்று அறிவித்தது. வேம்பன் உப்பளத்துக்குக் கிளம்பச் சிறகை விரித்தது. அதற்குள் காகமும் அதன் நண்பர்களும் கூச்சல் போட்டார்கள். கூழைக்கடாவை இறக்கிவிட்டு ஒரு கழுகைத் தலைவராக்கினார்கள். கழுகு பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தது. பிரிந்து இருப்பவர்களை விட்டுவிடுவேன், சேர்ந்தால் தண்டனை என்றது; தாழன் திரும்பி வர வழியில்லாமல் போனது.

"நீங்கள் ஒரு கைப்பிடி அளவுதான். உங்களுக்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா?" என்றது கழுகு.

"எத்தனை பேருக்கு வலித்தால் அதை வலி என்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று வேம்பன் கேட்டது. கழுகு சபையைக் கலைத்துவிட்டது.

அந்த இரண்டு வாத்துகளும் பயந்து பழையபடி அக்கா தங்கை ஆகிவிட்டன. வேம்பன் மட்டும் ஒவ்வொரு சபையிலும் எழுந்து நின்றது. வசவு வாங்கியது, கொத்தும் வாங்கியது. பல மழைக்காலங்கள் போயின; கொஞ்சம் கொஞ்சமாக மற்ற பறவைகளின் மனம் மாறியது. ஒரு சபையில், குஞ்சுகளோடு இருந்த ஒரு தாய் நாரை எழுந்தது. "என் பிள்ளைகளில் ஒன்று நாளை இப்படி வளர்ந்தால், அதன் இறகையும் பிடுங்குவீர்களா?" என்றது. அதன் பின்னால் பல தாய்ப்பறவைகள் எழுந்தன. கழுகுக்கு வேறு வழியில்லை. சட்டம் ஒழிந்தது.

வேம்பன் உப்பளத்துக்குப் பறந்தது. தாழன் கிழடாகியிருந்தது. பிடுங்கிய இறகுகள் சரியாக முளைக்கவேயில்லை.

"என்னால் பறக்க முடியாது. நீ போ!" என்றது தாழன்.

"அப்படியென்றால் நடப்போம்!" என்றது வேம்பன்.

வாய்க்கால் கரையோடு இரண்டும் மெல்ல நடந்து வந்தன. பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள். தாழன் முதலில் கூசி ஒதுங்கியது. பிறகு வேம்பனை உரசிக்கொண்டே நடந்தது.

ஏரியை அடைந்ததும் ஆழமில்லாத தண்ணீரில் நடந்துபோய்த் தாழ்வான கிளை ஒன்றில் ஏறிக்கொண்டன. தாழன் ஒரு சுள்ளியைத் தேடி எடுத்து வந்து கிளையில் வைத்தது. கழுகு வைத்திருந்த காவல் பருந்து வந்து அதைத் தட்டிவிட்டது.

"சேர்ந்து நிற்கலாம். கூடு கட்ட உங்களுக்கு அனுமதி இல்லை!" என்றது பருந்து.

தாழன் கீழே மிதந்துபோன சுள்ளியை வெகுநேரம் பார்த்தது. அந்தக் கிளையைச் சுற்றிலும் எத்தனை கூடுகள்! எத்தனை குஞ்சுகளின் சத்தம்!

"வேம்பா, அடுத்த சபை எப்போது?" என்று அது கேட்டது.

"மழை விட்டதும்."

"இந்த முறை நானும் உன்னோடு வருகிறேன்!"

ஆகையால், பாதி நியாயம் கிடைத்ததும் அடங்கிவிடாமல் மீதியையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் தனியாக நிற்காதபடி மற்றவர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.