மெழுகாத மூலை

"சாமி, பெத்த பிள்ளையை மறக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவள் செண்பகவல்லி. ஆசிரமத்துக்கு வந்து பதினெட்டு நாள். வயிற்றில் கட்டி. அடுத்த மழைக்காலம் வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகள் ஓவியாவுக்கு ஆறு வயது.

அவள் சாமி என்று கூப்பிட்டது ஒரு பெண் துறவியை. செண்பகவல்லியைவிட எட்டு வயது இளையவர்.

"எதுக்கு மறக்கணும், அக்கா?"

"கூடவே இருந்தா என்கிட்ட இன்னும் ஒட்டிக்கும். பின்னாடி ஏங்கிப் போயிரும். இப்பவே பழகட்டும்னுதான் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

மறுநாள் காலை முற்றம் மெழுகுவது செண்பகவல்லியின் முறை. எல்லோரும் ஒரு மூலையை மெழுகாமலே விடுவதைப் பார்த்திருந்தாள். சோம்பேறிகள் என்று நினைத்தாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த மூலையையும் சாணம் போட்டு வழுவழுவென்று மெழுகிவிட்டு, சாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சாமியின் முகம் வாடிவிட்டது.

ஒரு தேனீ வந்தது. கால் நிறைய மஞ்சள் மகரந்தம். ஈரச் சாணத்தில் உட்கார்ந்தது, எழுந்தது, சுற்றியது, மறுபடி உட்கார்ந்தது.

"என்ன தேடுது, சாமி?"

"அதோட வாசலை. கூட்டம் சேராத தேனீ அது. தனியாவே மண்ணுல வளை தோண்டும். உள்ளே அறை அறையா மகரந்த உருண்டை வைக்கும். உருண்டைக்கு ஒரு முட்டை. அப்புறம் அடைச்சிட்டுப் போயிடும்."

"குஞ்சு எப்ப வரும்?"

"அடுத்த வருஷம். அப்ப தாய் இருக்காது."

"குஞ்சுக்கு இதோட முகமே தெரியாதா?"

"தெரியாது."

"பிறகு எதுக்கு இந்தப் பாடு படுது?"

"இன்னும் ஒரு அறை பாக்கி இருக்கும்போல."

செண்பகவல்லி மண்டியிட்டாள். தான் மெழுகியதைத் தானே நகத்தால் சுரண்டினாள். இரண்டு இடத்தில் வெறும் மண். மூன்றாவது இடத்தில் சின்னத் துளை.

தேனீ நேரே உள்ளே போனது.

அவள் அசையாமல் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது வெளியே வந்தது. காலில் மஞ்சள் இல்லை. ஒரு கணமும் நிற்காமல் எள்ளு வயல் பக்கம் பறந்தது.

செண்பகவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவளுக்குத் தானா தலை பின்னிக்கத் தெரியாது, சாமி. நான் இன்னும் சொல்லியே குடுக்கல."

சாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"கையைக் கழுவுங்க, அக்கா. தங்கச்சி ஊருக்குப் பதினொன்னரைக்கு ஒரு பஸ் இருக்கு."