மந்திரி முகம் போட்ட தபால்தலை

அந்நியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, கொடிமலை நாட்டு ராஜா மணிமாற பூபதி செய்த முதல் வேலை ஒரு தபால்தலை வெளியிட்டதுதான். விடுதலைப் போரை நடத்திய தலைவர் வைரவநாதரின் நினைவாக வந்தது அது. "ஓரத்தில் இடமே விடாதீர்கள். தலைவர் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும்" என்று ராஜாவே சொல்லிவிட்டார். அப்படியே அச்சடித்தார்கள். தபால்தலை முழுக்க முகம்தான்.

தலைநகரத் தபாலாபீஸில் சவரிமுத்து குமாஸ்தா. ஒருநாள் மந்திரி தாண்டவராயர் பல்லக்கை விட்டு இறங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே முன்னால் போய் நின்றார்.

"ஐயா, வரிசையில் வாருங்கள்" என்றார் சவரிமுத்து.

நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மந்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்போதுதான் சவரிமுத்து ஒரு கடிதத்தை எடுத்து, தபால்தலையின் மேல் கறுப்பு முத்திரையை 'டொம்' என்று குத்தினார். மந்திரியின் கண் மின்னியது.

மறுநாள் சபையில் மந்திரி மார்பில் அடித்துக்கொண்டார். "அரசே! நம் தலைவர் முகத்தில் ஒருவன் கரி பூசுகிறான்! அதுவும் அடித்து அடித்துப் பூசுகிறான்!"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சவரிமுத்துவைப் பிடித்து வந்தார்கள்.

"முத்திரை குத்தாவிட்டால் அதையே உரித்து மறுபடி ஒட்டிவிடுவார்கள், அரசே. ஓரமாகக் குத்தலாம் என்றால் ஓரமே இல்லை" என்று கும்பிட்டார் அவர். "தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள்."

"தலைவரை அடித்தவனுக்கு மலைக்கோட்டைச் சிறைதான்" என்றார் மந்திரி.

ராஜா தாடியைத் தடவினார். "முத்திரையும் விழ வேண்டும், தலைவர் முகத்திலும் படக்கூடாது. தை பிறப்பதற்குள் யாராவது வழி சொல்லட்டும்; அது சரிப்பட்டு வருகிறதா என்று பார்த்த பிறகு இவனை விடுகிறேன். அதுவரை உள்ளே இருக்கட்டும்."

சபையில் சாத்தப்பன் என்று ஒருவர் உண்டு. ராஜாவுக்குச் சிரிப்பு வராத நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுந்தார்.

"அரசே, தலைவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் முகத்தையும் போடுவோம். முத்திரையை அந்த முகத்தில் குத்துவோம். தலைவருக்காக அந்த அடியைத் தாங்கும் தியாகி யாராவது இங்கே இருக்கிறாரா?"

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை மற்றவர் மேல் விழுவதற்குள் மந்திரி துள்ளி எழுந்தார். "தலைவருக்காக என் உயிரையே தருவேன்!"

"உயிர் வேண்டாம், மந்திரியாரே" என்றார் சாத்தப்பன். "முகம் போதும்."

தலைவருக்குப் பக்கத்தில் தன் படம்! மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தலைப்பாகை கட்டி, மீசையை முறுக்கி, ஓவியன் முன்னால் அரை நாள் அசையாமல் உட்கார்ந்தார்.

தபால்தலை வெளிவந்தது. காலையிலேயே தபாலாபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். புது குமாஸ்தாவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"அண்ணே, என் கடுதாசிக்குக் கொஞ்சம் ஓங்கிக் குத்துங்க."

"எந்த ஊருக்கு?"

"எதிர்வீட்டுக்குத்தான்."

ஒரு மீன்காரம்மா கவரை நீட்டினாள். குமாஸ்தா தடவிப் பார்த்தார். "உள்ளே ஒன்னுமே இல்லையேம்மா?"

"உள்ளே எதுக்குய்யா? விஷயம்தான் வெளியே ஒட்டியிருக்கே. மூக்குல படுற மாதிரி குத்து."

'டொம்' என்று விழுந்ததும் கூட்டம் "ஆகா!" என்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கடிதம் போட்டார்கள். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள் இந்தச் சாக்கில் கடிதம் போட்டு ராசியானார்கள். மந்திரி தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் 'டொம், டொம்' என்று கத்திவிட்டு ஓடின.

மந்திரி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒருநாள் அவர் வீட்டுக்கே ஒரு கவர் வந்தது. நாலு ஓரமும் தபால்தலை. எல்லாவற்றிலும் அவர் முகம், எல்லா முகத்திலும் முத்திரை. திருப்பிப் பார்த்தார். அனுப்பியவர்: அவர் மனைவி. அவள் அடுப்படியில்தான் இருந்தாள்.

"ஒரே வீட்டுக்குள் எதற்கடி கடிதம்?"

"நேரில் சொன்னால் நீங்கள் காதில் வாங்குவதில்லையே."

"இத்தனை தபால்தலை எதற்கு?"

"வழியில் தொலைந்துவிடக் கூடாதே என்றுதான்."

மந்திரி தலைப்பாகைகூடக் கட்டாமல் அரண்மனைக்கு ஓடினார். "அரசே, என் படத்தை எடுத்துவிடுங்கள்!"

"பிறகு முத்திரையை எங்கே குத்துவது?"

"தலைவர் முகத்திலேயே குத்தட்டும், அரசே!"

சாத்தப்பன் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! சவரிமுத்து செய்த அதே குற்றத்தை இவர் நாடு முழுக்கச் செய்யச் சொல்கிறாரே! மலைக்கோட்டையில் இன்னோர் அறை காலியாக இருக்கிறதா, அரசே?"

மந்திரி திருதிருவென்று விழித்தார். ராஜா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சவரிமுத்துவை விடுங்கள்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனாலும் சாத்தப்பா, தலைவரை அடிப்பது முறையா?" என்றார்.

"அரசே, அந்நியன் தடியை ஓங்கியபோதே வைரவநாதர் முகத்தைத் திருப்பவில்லை. அந்த அடியில் நாடு நம் கைக்கு வந்தது. இந்த அடியில் அம்மாவின் கடிதம் மகனுக்குப் போய்ச் சேர்கிறது. இதையா வேண்டாம் என்பார்?"

ராஜா தலையசைத்தார். பழைய தபால்தலையே மறுபடி வந்தது.

"மிச்சமிருக்கும் என் முகங்களை எரித்துவிடுங்கள், அரசே" என்று கெஞ்சினார் மந்திரி.

"நாட்டுச் சொத்தை எரிப்பதா?" என்றார் ராஜா. "சவரிமுத்து, எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொள். உன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஒட்டு. முத்திரையையும் உன் கையாலேயே குத்து."

சிறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சவரிமுத்து, மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"நெருங்கிய உறவுக்கு மட்டும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அரசே. இனி நாடு முழுக்க அழைத்துவிடுகிறேன்."