கழுவக் கழுவ

"அணைஞ்சு போச்சு மேடம்" என்றார் திருமேனி.

அவர் நீட்டிய கண்ணாடிக் குப்பியைக் குழலி வாங்கி, புறஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். போன வாரம் ஆரஞ்சு நிறத்தில் தகதகத்த திரவம், இப்போது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கிடந்தது.

மாணவர் திருமேனிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வழிகாட்டி குழலிக்கு முகப்பரு கூட இன்னும் போகவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் திருமேனி பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத குறைக்கடத்தித் துகள்களை ஒளிர வைக்க வந்தார்.

 இன்று மதியம் அவருடைய ஆய்வுக்குழு கூடுகிறது. குழுத் தலைவர் காலையிலேயே வந்துவிட்டார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் இத்தனை வருஷ ஆராய்ச்சியும் குப்பைக்குத்தான்.

"எதுக்குக் கழுவினீங்க?"

"தலைவர் சொன்னார். துகளைச் சுத்தி எண்ணெய்ப் படலம் இருக்காம். அழுக்காம். சுத்தமாக் கழுவிக் காட்டினாத்தான் கையெழுத்துன்னுட்டார்."

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"அவர் போதும்னு சொல்ற வரைக்கும்."

"சொன்னாரா?"

"இல்ல."

குழலி குப்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் படலம் அழுக்கா?"

"இல்ல மேடம். அதுதான் துகளைக் காப்பாத்துது. அது போயிட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வெளிச்சம் செத்துடும்."

"தெரிஞ்சேதான் கழுவினீங்களா?"

திருமேனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவர் எவ்வளவு பெரியவர். அவர் முன்னாடி எப்படி மேடம் வாயைத் திறக்கறது?"

குழலி எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்து வந்தார். கழுவாதது. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். விளக்கு பட்டதும் அடுப்புக் கங்கு மாதிரி கனன்றது. பக்கத்திலேயே கழுவுகிற ஆல்கஹால் புட்டியையும் வைத்தார்.

"இதையும் கழுவுங்க."

"மேடம்?"

"கையெழுத்து வேணுமில்ல? கழுவுங்க."

திருமேனி புட்டியை எடுத்தார். மூடியைத் திருகினார். குப்பியின் மேலே சாய்த்தார்.

ஒரு சொட்டு கூட விழவில்லை. கை அதற்கு மேல் சாய மறுத்தது. எத்தனை முறை கருகி, எத்தனை முறை கொட்டி, கடைசியில் கிடைத்த வெளிச்சம்! அடிவயிற்றிலிருந்து கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புட்டியை ணங்கென்று மேசையில் வைத்தார்.

"மாட்டேன்."

"நான் உங்க வழிகாட்டி. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் மாட்டேன். எந்தக் கொம்பன் சொன்னாலும் மாட்டேன்! கையெழுத்துப் போடலன்னா போகட்டும். இது அழுக்கு இல்ல!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

குழலி அசையவில்லை.

"என்கிட்ட ஏன் கத்தறீங்க?" என்றார். "அவர் பக்கத்து ரூம்லதான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கார்."