மூன்றாவது மூடி

"சங்கத்துல சேர நான் குடுத்த மனுவுல, என் பேருக்குப் பக்கத்துல இருந்த 'பொறியாளர்'ங்கிற வார்த்தையக் கோடு போட்டு அடிச்சது நீங்கதானா?"

ஆமாம் என்றாள் ஜெசிந்தா.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகைக்குச் செண்பகவல்லி வந்ததே சண்டை போடத்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஜெசிந்தா அவளைவிடப் பத்து வயது இளையவள். பாரம் தூக்கும் சங்கிலிகளை இழுத்து அறுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஊர்ப் பொறியாளர் சங்கத்தில் புதிதாகச் சேர வருகிறவர்களைச் சோதிப்பதும் அவள்தான். அவளிடம் கற்றவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, ஆசிரியை என்றுதான் கூப்பிடுவார்கள். செண்பகவல்லிக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

செண்பகவல்லி செய்வது ஏஐ வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய்மார்கள் ஃபோனில் கேட்டால் பதில் சொல்லும் ஒன்றை, ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காக உருவாக்கியிருந்தாள். அதற்கு அடியில் இருக்கும் ஏஐ மாடல் வேறு யாரோ செய்தது. எதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும், எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதைப் பழக்கியது இவள். இரண்டு வருஷ உழைப்பு. திங்கட்கிழமை திறப்பு விழா.

எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டினாள். பாலம் கட்டினால் பொறியாளர், கொதிகலன் பக்கத்தில் நின்றால் பொறியாளர், நான் மட்டும் டைப் அடிக்கிறவளா என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சங்கத்தில் பாதிப் பேர் கால்குலேட்டரைத் தொட்டே பல வருஷமாகிறது.

ஜெசிந்தா ஒரு சங்கிலியை இயந்திரத்தில் மாட்டினாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சங்கிலி விறைத்தது, முனகியது, டமாரென்று அறுந்தது. சுவரில் சாக்பீஸால் ஒன்பது டன் என்று எழுதினாள்.

"உங்களுது எப்ப அறும், அக்கா?"

"அறுந்ததே இல்ல. முந்நூறு கேள்வி கேட்டுப் பாத்துட்டேன். எல்லாத்துக்கும் சரியான பதில்."

"கேள்விய எழுதினது யாரு?"

"நான்தான்."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஃபோனை வாங்கினாள். கொதிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள்.

"பிள்ள பத்துக் கிலோ இருக்கும். இப்பத்தான் காய்ச்சல் மருந்து ஒரு மூடி ஊத்துனேன், எனக்குத் தெரியாம அவங்க அப்பாவும் ஒரு மூடி ஊத்திட்டாரு, இன்னும் சூடு எறங்கல, இன்னொரு மூடி ஊத்தட்டா?"

பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு மூடி கொடுக்கலாம், கவலைப்படாதீர்கள் என்றது ஃபோன். கனிவாக வேறு சொன்னது.

ஏற்கெனவே உள்ளே போன இரண்டு மூடியை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. செண்பகவல்லி ஃபோனைப் பிடுங்கி அதே கேள்வியை ஒரு சொல் மாறாமல் கேட்டாள். இந்தத் தடவை, கொடுக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்றது.

"பாத்தீங்களா, சரியாத்தான் சொல்லுது" என்றாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. இது இரும்பு இல்லை, ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் சொல்கிற சாமானை எந்தத் தராசில் வைப்பது, அதுகூடத் தெரியாமல் என்னைச் சோதிக்க வந்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டாள்.

ஜெசிந்தா சுவரைக் காட்டினாள். ஒரே பட்டறையில் ஒரே நாளில் செய்த சங்கிலிகள். ஒன்பது. எட்டரை. ஒன்பதேகால். ஆறு.

"இரும்பு மட்டும் சொன்ன சொல் தவறாதுன்னு யாரு சொன்னா அக்கா? ஒரே ஒரு சங்கிலிய அறுத்துப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போட்டா, என்னையச் செருப்பால அடிக்கணும்."

செண்பகவல்லி அந்த ஆறையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தாள். அம்மா கேட்பதுபோல, அத்தை கேட்பதுபோல, அழுதுகொண்டு, அவசரத்தில் முன்னுக்குப் பின் உளறிக்கொண்டு. ஜெசிந்தா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நூறு தடவை கேட்டாள். ஏழு தடவை அது மூன்றாவது மூடியை ஊற்றச் சொன்னது.

அங்கிருந்தே மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமை திறக்கக் கூடாது என்றாள். தலைமை டாக்டர் கொதித்துப் போனார். அழைப்பிதழ் போயாகிவிட்டது, மந்திரி வருகிறார், நிறுத்தச் சொல்ல நீ யாரம்மா என்று கேட்டார். அவள் நூறில் ஏழு என்று கணக்கைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்து மூணு சரின்னா அது பாஸ் மார்க்குக்கும் எவ்வளவோ மேலம்மா. மிச்சம் வெறும் ஏழுதானே?"

"சரி டாக்டர். எந்த ஏழு பிள்ளைங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."