எட்டாத உயரம்

குருவித்தலைப்பட்டியில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. புத்திக்கு வந்ததே இல்லை. ஒருவர் யோசித்ததை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் செய்து முடித்துவிடுவார். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சிவரஞ்சனியும் ஒரே வருஷத்தில் ஊரோடு ஒட்டிப்போனாள்.

அவள் மகன் துருவனுக்குத் தவழும் வயசு. போன வாரம் அப்பன் சட்டைப் பொத்தானை விழுங்கி, மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். விஷயம் தெரிந்து நர்ஸம்மா காலையிலேயே வந்துவிட்டார்.

“இதோ பாரு ரஞ்சனி, பிள்ளையைத் தரையில தனியா விடாத. மாத்திரை, கத்தரிக்கோல், மண்ணெண்ணெய் எல்லாத்தையும் அவனுக்கு எட்டாத உயரத்துல வை. சாயங்காலம் வந்து பார்ப்பேன். இப்படியே கிடந்துச்சு, நாளைக்குத் தாய்மார் கூட்டத்துல உன் பேரைச் சொல்லிடுவேன்!”

ரஞ்சனி அவசரமாகத் தலையாட்டினாள். கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவள் அவள் நாத்தனார்.

பிள்ளையைத் தரையில் விடக் கூடாதே! கொழுந்தன் பழனிவேல் உடனே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பழனிவேல் நல்ல உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமல் நுழைந்ததே இல்லை. புருஷன் முத்துராசு மாத்திரைகளை அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினான். சித்தப்பன் தோளில் இருந்தபடியே துருவன் ஒரு அட்டையை எடுத்து வாயில் வைத்தான். ரஞ்சனி பாய்ந்து பிடுங்கினாள்.

“எட்டுது அண்ணி,” என்றான் பழனிவேல் கவலையோடு.

எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினார்கள். துருவன் எக்கி, கத்தரிக்கோலைத் தொட்டான்.

வீட்டுக் கூரைக்கே ஏற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று உப்பு, மிளகாய்த்தூள்கூட ஓட்டு மேல் போனது. குழம்பு கொதிக்கும்போது ரஞ்சனி ஒரு சிட்டிகை உப்புக்கு ஏணி ஏறினாள். இறங்கி வந்தால், காற்று வாங்க வாசலுக்கு வந்த பழனிவேலின் தோளில் உட்கார்ந்து துருவன் இருமல் மருந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

வாசலிலேயே ஆலோசனை நடந்தது.

“இதுக்கு மேல வானந்தான்,” என்றான் முத்துராசு.

“ஏங்க, தென்னை மரம் இருக்கே?”

“உப்புக்குத் தென்னை மரம் ஏறுவியாடி?”

ரஞ்சனி தயங்கிக் கேட்டாள். “தம்பி, பிள்ளையைத் தோளை விட்டு இறக்கிட்டா என்ன?”

அண்ணனும் தம்பியும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“எங்க இறக்கறது அண்ணி? தரையிலயா? காலையில நர்ஸம்மா என்ன சொன்னாங்க?”

ரஞ்சனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பத்தாவது வரைக்கும் படிச்சு என்ன பிரயோசனம்? எனக்கு வாய்ச்ச மூளை எருமை மேய்க்கத்தான் லாயக்கு!” என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்தாள். குட்டிய இடத்திலிருந்தே யோசனை பிறந்தது.

“என்னங்க, சாமானை ஏத்தித்தானே முடியல? தம்பியை இறக்கிடுவோம்!”

கடப்பாரை வந்தது. மண் தரைதான், நடுவீட்டில் கழுத்தளவுக் குழி சீக்கிரமே தயாரானது. சாமான்கள் அலமாரிக்குத் திரும்பின. பிள்ளையோடு பழனிவேல் குழிக்குள் இறங்கினான். துருவன் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

“எட்டல அண்ணி!” என்று பூமிக்குள்ளிருந்து குரல் வந்தது. ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தார். நடுவீட்டில் தரையோடு தரையாக ஒரு தலை. அதைக் கட்டிப்பிடித்தபடி துருவன், சித்தப்பன் முடியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“ஐயோ, பிள்ளையைத் தூக்குடி முதல்ல!”

ரஞ்சனி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா அலமாரியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அலமாரியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குழி, மருந்தைவிட ஆபத்து ரஞ்சனி!”

“ஆபத்தானதை எட்டாத உயரத்துல வைக்கணும், இல்லீங்களா?”

“ஆமா,” என்றார் நர்ஸம்மா களைப்பாக. “பயப்படாத, உன் பேரைக் கூட்டத்துல சொல்ல மாட்டேன். சொன்னா எனக்குத்தான் பைத்தியம்னு நினைப்பாங்க.”

அவர் தெரு முனை திரும்புவதற்குள் முத்துராசு கிணற்றுக் கயிறும் ஏணியுமாக வந்து பரண் மேல் ஏறி உட்கார்ந்தான். பழனிவேல் மறுபடி குழிக்குள் இறங்கி, குனிந்து அடியில் கை கொடுத்தான்.

“நான் கீழயிருந்து தூக்கறேன். நீ மேல இழுண்ணே!”

ரஞ்சனி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

“பார்த்து, தம்பி! சாய்ச்சிடாதீங்க, குழி கொட்டிடப் போகுது!”